எட்டும் உயரத்தில் ஒரு வால்வு

"அரை இஞ்ச் கேஸ் வால்வு, ஒன்று. நீளக் கைப்பிடி, மஞ்சள் நிறம். தரையிலிருந்து 74 செ.மீ. அதற்கு மேல் கூடாது!!"

பொம்பிலியு மூன்றாவது முறையாகச் சத்தம் போட்டுப் படித்தான். காரின் ஹீட்டர் வேலை செய்யாததால் ஒவ்வொரு வார்த்தையும் புகையாக வெளியே வந்தது.

"ரெண்டு ஆச்சரியக்குறி மேடம். என் பொண்டாட்டி அனுப்பின விவாகரத்து நோட்டீஸ்ல கூட இவ்வளவு வேகம் இல்ல."

தெஸ்பினா கரமான் சிரிக்கவில்லை. அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அடுத்தவர் பொய்களைப் படித்துவிட்டு, இப்போது ருமேனியாவின் கலாட்ஸ் நகரில் ஒரு தையல் கடைக்குப் பின்னால் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். பொம்பிலியு அவளுடைய ஒரே உதவியாளன். நாற்பது வயது. அதற்கு முன்னால் கல்யாணங்களில் டிரம் அடித்தவன். இன்னும் எதைப் பார்த்தாலும் விரலால் தட்டிக்கொண்டிருப்பான்.

கேஸ் இதுதான். வெதுரியா பஸ்கு, வயது எழுபது, சக்கர நாற்காலியில் இருப்பவள். ஊருக்கு வெளியே இருக்கும் முதியோர் இல்லத்தில் எட்டு வருடம் இருந்தாள். நவம்பர் பன்னிரண்டாம் தேதி காலையில் தன் கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு சின்னப் பெட்டியோடு டாக்சியில் ஏறிப் போனாள். எந்த டாக்சி என்று யாரும் பார்க்கவில்லை. இன்று டிசம்பர் நான்கு. போலீஸ், "வயசு வந்தவங்க, இஷ்டப்பட்டுப் போயிருக்காங்க" என்று கோப்பை மூடிவிட்டது. அண்ணன் மகன் திபேரியு ஸ்பெயினில் ஆரஞ்சுப் பழக் கிடங்கில் வேலை செய்கிறான். அவனால் வர முடியவில்லை. தெஸ்பினாவை அமர்த்திவிட்டு, தினமும் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டான்.

மூன்று நாள் இல்லத்தில் அவள் அறையைக் குடைந்ததில் அகப்பட்டது இந்த ஒரு காகிதம் மட்டும். பாதி நிரப்பிய குறுக்கெழுத்துப் புத்தகத்தில் அடையாளத்துக்காகச் செருகி வைத்திருந்தாள்.

"வெந்நீர் வைக்கக்கூட அனுமதி இல்லாத இடம் அது" என்றாள் தெஸ்பினா. "அங்க இருந்தவங்களுக்கு கேஸ் வால்வு எதுக்கு?"

"அப்ப இது கேஸ் கேஸ் மேடம்."

"இறங்கு."

காகிதத்தின் அடியில் ரப்பர் முத்திரை இருந்தது: ப்ரதோசின், கேஸ் குழாய் வேலை.

ப்ரதோசினின் பட்டறை ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. அவர் ஒரு நாற்காலியில் முதுகுக்குத் தலையணை வைத்து, விறைப்பாக உட்கார்ந்து, பித்தளை வால்வுகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். காகிதத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இதை மறப்பேனா? முப்பது வருஷமா வால்வு போடறேன். நெஞ்சு உயரத்துல வைப்பேன், நின்னுட்டே திறக்கலாம், மூடலாம். இந்த ஆளு எழுபத்து நாலுன்னு நிக்கறார். சார், குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிடும்னு சொன்னேன். கேக்கல."

"ஆளா? பொம்பளை இல்லையா?"

"ஆம்பளைதாம்மா. ஹரலம்பி. எழுபது தாண்டியிருக்கும்."

"சக்கர நாற்காலியில இருந்தாரா?"

"சக்கர நாற்காலியா? என்னை விட நல்லா நடந்தார். ஆனா ஒண்ணு பண்ணினார்." ப்ரதோசின் தலையணையைச் சரி செய்துகொண்டார். "சமையலறை நாற்காலில உக்காந்தார். கண்ணை மூடிக்கிட்டார். அடுப்பு எரியற மாதிரி நெனச்சு, பதறி ஒருத்தர் கையை நீட்டினா எப்படி நீட்டுவாங்களோ, அப்படி நீட்டினார். 'கை எங்க இடிக்குதோ அங்க பென்சில்ல கோடு போடுங்க'ன்னார். நாலு தடவை. அப்புறமும் ரெண்டு விரல் கடை இறக்குன்னார். வேலை முடிஞ்சு இணைப்புல சோப்புத் தண்ணி தடவி, குமிழி விடுதான்னு பாத்தேன். அவரும் மண்டி போட்டு என் பக்கத்துலயே உக்காந்து பாத்தார். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாதிரி."

"இந்தக் காகிதம்?"

"ரெண்டு பிரதி கேட்டார். ஒண்ணு தபால்ல அனுப்பணுமாம்."

வீட்டு விலாசம் ப்ரதோசினின் நோட்டில் இருந்தது. திக்லினா பகுதி, அடுக்குமாடிக் கட்டடத்தின் பி படிக்கட்டு, நாலாவது மாடி, வீடு 18.

காரில் ஏறியதும் பொம்பிலியு டாஷ்போர்டில் தாளம் போட்டான். "புரிஞ்சுது மேடம். கிழவர் கடத்தல்காரர். ஆளைத் தூக்கறதுக்கு முன்னாடியே சமையலறையைத் தயார் பண்ணிட்டார்."

"கடத்தறவன், கைதிக்கு எட்டற உயரத்துல கேஸ் வால்வு வைப்பானா?"

தாளம் நின்றது.

"வைக்க மாட்டான்."

"அப்ப ஓட்டு."

*

டான்யூப் நதியிலிருந்து எழுந்த பனி கட்டடங்களின் இரண்டாவது மாடி வரை மூடியிருந்தது. பி படிக்கட்டின் கதவு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துத் திறந்தே இருந்தது. லிஃப்ட் கதவில் ஒரு அட்டை: 'வேலை செய்யவில்லை'.

"கடவுள் என்னைப் பாத்து எழுதினது" என்றான் பொம்பிலியு. மூன்றாவது மாடியில் அவன் பேச்சை நிறுத்திவிட்டான். நான்காவது மாடியில் மூச்சையே நிறுத்திவிடுவான் போலிருந்தது.

தெஸ்பினா ஒரு முறைதான் தட்டினாள். கதவு உடனே திறந்தது, அதன் பின்னாலேயே யாரோ நின்றுகொண்டிருந்தது போல. உயரமான, சுத்தமாகச் சவரம் செய்த மனிதர். வீட்டுக்குள் டை கட்டியிருந்தார். அவர் கண்கள் தெஸ்பினாவையும் பொம்பிலியுவையும் தாண்டி, அவர்களுக்குப் பின்னால், சற்றுக் கீழே, உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முகம் இருக்க வேண்டிய இடத்தைத் தேடின. அங்கே யாரும் இல்லை. அவர் முகம் அணைந்தது.

"வெதுரியா பஸ்கு பத்திப் பேசணும்" என்றாள் தெஸ்பினா.

"உள்ள வாங்க" என்றார். பிறகு, "அவங்க உயிரோட இருக்காங்களா?" என்றார்.

"அதைத்தான் நாங்க உங்ககிட்ட கேக்க வந்தோம்."

அவர் சமையலறைக்குப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பொம்பிலியு கேட்காமலே வீட்டைச் சுற்றி வந்தான். ஒரு பல் துலக்கும் பிரஷ், ஒரு துண்டு, ஒரு தட்டு.

"இங்க ஒருத்தர்தான் மேடம்" என்றான் மெதுவாக. "செருப்பு கூடத் தனியாத்தான் கிடக்கு."

தெஸ்பினா சமையலறையைப் பார்த்தாள். வாசற்படியில் இருந்த மரக்கட்டையைப் பெயர்த்து, தரையைச் சமன் செய்திருந்தார்கள். மேசைக்கு மூன்று பக்கம் நாற்காலி இருந்தது. ஜன்னல் பக்கம் மட்டும் காலி. அடுப்புக்கு அருகே, சுவரோடு இறங்கும் குழாயில் அந்த வால்வு இருந்தது. மஞ்சள் கைப்பிடி குழாய்க்குக் குறுக்காகத் திரும்பியிருந்தது. மூடியிருக்கிறது என்று அர்த்தம். அதன் மேல் கை பட்ட அடையாளமே இல்லை. அடுப்பின் மேல் ஒரு சின்ன மின் அடுப்பு வைத்திருந்தார்.

"கேஸ்ல சமைக்கறதில்லையா?"

"அது போட்டதுல இருந்து திறக்கல. முதல்ல அவங்கதான் திறக்கணும்."

அவர் சொல்லிக்கொண்டே போனார், யாராவது கேட்பதற்காகவே மூன்று வாரம் காத்திருந்தவர் போல. அவருடைய அக்கா அக்ரிப்பினாவுக்கு அந்த இல்லத்தில் வெதுரியாவுக்கு அடுத்த கட்டில். வியாழக்கிழமைதோறும் அக்காவைப் பார்க்கப் போவார். அக்காவுக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போன பிறகு, பேச்சு அடுத்த கட்டிலோடு நடந்தது. வசந்தத்தில் அக்கா இறந்துவிட்டாள்.

"அதுக்கப்புறமும் வியாழக்கிழமை ஆனா கால் தானா அங்க போச்சு. ஜூன் மாசம் வாசல்லயே நிறுத்திட்டாங்க. சொந்தக்காரங்க மட்டும்தான்னாங்க. அப்புறம் கடிதம். வாரத்துக்கு ரெண்டு."

"வீட்டுக்கு வந்திடச் சொல்லிக் கேட்டீங்களா?"

"கேட்டேன். அவங்க ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதினாங்க." அதை மனப்பாடமாகச் சொன்னார். "'கேஸ் எனக்கு எட்டுமா? காபி போடறதுக்கும் அடுப்பை அணைக்கறதுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒருத்தரைக் கூப்பிடணும்னா, அது இன்னொரு இல்லம்தான். நான் இங்கயே இருந்துக்கறேன்.' பழைய வால்வு மேல, மேற்கூரைக்குப் பக்கத்துல இருந்துச்சு. எனக்கே முக்காலி போட்டாத்தான் எட்டும்."

"அதனால எழுபத்து நாலு."

"அவங்க நாற்காலியோட கைப்பிடி உயரத்தை அவங்களே நூல்ல அளந்து, அந்த நூலை அனுப்பினாங்க."

பொம்பிலியு அந்த வால்வைத் திரும்பிப் பார்த்தான்.

"பன்னண்டாம் தேதி பதினோரு மணிக்கு வர்றதா இருந்துச்சு" என்றார் ஹரலம்பி. "கிறிஸ்துமஸ் உபவாசம் ஆரம்பிக்க இன்னும் மூணு நாள் இருந்துச்சு. அதனால இறைச்சி வச்சு முட்டைக்கோஸ் உருட்டு பண்ணினேன், அந்த மின் அடுப்புல, அஞ்சு மணி நேரம். கீழ வந்து இன்டர்காம் அடிப்பாங்க, நான் லிஃப்ட்ல போய்க் கூட்டிட்டு வரணும்னு பேச்சு. உக்காந்திருந்தேன். அடிக்கல. நாலு மணிக்கு என்னால தாங்க முடியல. இறங்கிப் போனேன். அப்பதான் தெரிஞ்சுது லிஃப்ட்டும் இன்டர்காமும் ரெண்டும் செத்துக் கிடக்குன்னு."

"யாரையாவது கேட்டீங்களா?"

"கீழ பரஸ்கிவா அம்மாவைக் கேட்டேன். கட்டட நிர்வாகி அவங்கதான், வாசல்லயே வீடு. எனக்காக யாராவது வந்தாங்களான்னு. இல்லன்னாங்க. இல்லத்துக்குப் போன் பண்ணினேன். 'குடும்ப விஷயம், வெளி ஆளுங்களுக்குச் சொல்ல முடியாது'ன்னு வச்சுட்டாங்க. கடிதம் போட்டேன், திரும்பி வந்துச்சு." அவர் டையைத் தடவினார். "பயந்திருப்பாங்க. அண்ணன் மகனோட போயிருப்பாங்க. அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன்."

"அந்த அண்ணன் மகன்தான் எங்களை அனுப்பினது" என்றாள் தெஸ்பினா.

அந்த ஒரு வாக்கியத்தில், இத்தனை நாள் அவர் தேற்றிக்கொண்டிருந்த ஆறுதல் உடைந்தது. எழுந்து, எதற்கென்று தெரியாமல் தண்ணீர்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினார்.

*

இறங்கும்போது பொம்பிலியு நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது மாடியில் மட்டும், "எனக்குன்னு யாரும் ஒரு ஆணி கூட அடிச்சதில்ல மேடம்" என்றான்.

தெஸ்பினாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தரைத்தளத்தில், தபால் பெட்டிகளுக்கு மேலே ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. ஏறும்போது திறந்திருந்த கதவின் பின்னால் அது மறைந்திருந்தது. பொம்பிலியு சிகரெட் தேடிக்கொண்டே நடக்க, கால் செங்கல்லில் இடித்து, கதவு நகர்ந்தது. தெஸ்பினா நின்றாள்.

மூன்று காகிதங்கள். மூன்றும் ஒரே கையெழுத்து.

"படி" என்றாள்.

"நவம்பர் அஞ்சு. காலை பத்து முதல் பன்னண்டு வரை சமையலறைக் குழாயில் கேஸ் இருக்காது. வீடு 18, அடுப்பு வால்வு மாற்றம். சரி, நம்ம கிழவர். அடுத்தது, நவம்பர் பன்னண்டு. மின் கோளாறு. லிஃப்ட், இன்டர்காம் இயங்காது. புக்கரெஸ்டிலிருந்து பாகம் வர வேண்டும். அடுத்தது நவம்பர் இருபத்து ரெண்டு. காலை பத்து முதல் பன்னண்டு வரை..." அவன் குரல் மெதுவானது. "கேஸ் இருக்காது. வீடு 2. அடுப்பு வால்வு மாற்றம்."

"கீழ கையெழுத்து?"

"பரஸ்கிவா. நிர்வாகி. வீடு 2."

"இந்தப் படிக்கட்டுல எத்தனையோ வருஷமா யாரும் வால்வை மாத்தியிருக்க மாட்டாங்க. மேல கூரைகிட்ட இருக்கறதை முக்காலி போட்டுத் திறந்துட்டே இருந்திருக்காங்க. ஒரே மாசத்துல ரெண்டு வீட்ல மாத்தியிருக்காங்க. ப்ரதோசினுக்குப் போன் போடு."

ப்ரதோசினுக்கு இரண்டாவது வால்வைப் பற்றி எதுவும் தெரியவில்லை. பதினைந்தாம் தேதியிலிருந்து முதுகுவலி, வேலைக்கெல்லாம் மருமகன்தான் போகிறான் என்றார். மருமகனிடம் போன் கைமாறியது. பொம்பிலியு ஸ்பீக்கரில் போட்டான்.

"வீடு ரெண்டா? ஆமா, நான்தான் போட்டேன்."

"எவ்வளவு உயரத்துல?"

"எழுபத்து நாலு. மாமாவும் மேல அதே உயரத்துலதான் போட்டிருந்தார். அந்தக் கட்டடத்துல இப்ப அதுதான் ஃபேஷன் போலன்னு நெனச்சேன்."

பொம்பிலியு போனை அணைத்தான். அவர்கள் நின்ற இடத்திலிருந்து வீடு 2-இன் கதவு ஐந்து அடி தூரம்.

*

கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. தடித்த கண்ணாடி போட்ட, அறுபதைத் தாண்டிய ஒரு பெண். உள்ளிருந்து காபி பொங்கும் வாசனை வந்தது.

"லிஃப்ட் புகார்னா எழுதிப் போடுங்க" என்றாள் பரஸ்கிவா.

"வால்வு புகார்" என்றாள் தெஸ்பினா. "உங்க புது வால்வு நின்னா உங்களுக்கே எட்டலையாம். குனிய வேண்டியிருக்காம்."

பரஸ்கிவாவின் கை சங்கிலியிலேயே நின்றது. உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாரு பரஸ்கிவா? தபால்காரரா? குளிர்ல நிக்க வைக்காத."

சங்கிலி விழுந்தது.

சமையலறையில் வெதுரியா பஸ்கு அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தாள். மிகச் சிறிய உருவம். மடியில் ஒரு துண்டு. காபி நுரை விளிம்புக்கு ஏறியதும், திரும்பிப் பார்க்காமலே இடது கையை நீட்டி மஞ்சள் கைப்பிடியைக் குறுக்கே திருப்பினாள். நீலச் சுடர் சுருங்கி அணைந்தது. எட்டு வருடம் யாரும் செய்ய விடாத வேலை. அதில் அவளுக்கு இருந்த பெருமை முதுகிலேயே தெரிந்தது.

தெஸ்பினா தான் யார், யார் அனுப்பியது என்று சொன்னாள்.

"திபேரியுகிட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லுங்க. கடிதம் எழுதணும்னுதான் இருந்தேன். எங்க இருக்கேன்னு எழுத வெக்கமா இருந்துச்சு."

"என்ன வெக்கம்?"

"ஒருத்தர் கூப்பிட்டார்னு பெட்டியைத் தூக்கிட்டு வந்தேன். கீழ நின்னு மூணு தடவை மணி அடிச்சேன். கதவு திறந்தே இருந்துச்சு. டாக்சிக்காரர் உள்ள கொண்டுவந்து விட்டுட்டு, அவசரம்னு போயிட்டார். லிஃப்ட் வரல. ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். மேல இருந்து ஒருத்தரும் வரல." அவள் இரண்டு கோப்பைகளில் காபியை ஊற்றினாள். "நாலு மாடிக்குக் கேக்கற மாதிரி ஒரு ஆம்பளை பேரைக் கத்தற வயசா எனக்கு? அப்புறம் இவதான் கதவைத் திறந்தா. யாரைப் பாக்க வந்தீங்கன்னா. விலாசம் மாறிப் போச்சுன்னேன். உள்ள வான்னு சொன்னா. அவரோட செருப்புச் சத்தம் தினமும் கேக்குது. காலையில இறங்கறார், ரொட்டி வாங்கிட்டு ஏறறார். கதவு வரைக்கும் போவேன். திறக்க மாட்டேன். வேண்டாம்னு முடிவு பண்ணின ஆளு முன்னாடி போய் நிக்க முடியுமா?"

"அவர் வேண்டாம்னு முடிவு பண்ணல" என்றாள் தெஸ்பினா. "மணி அடிக்கவே இல்ல. அன்னிக்குக் காலையிலயே இன்டர்காம் செத்துப் போச்சு."

வெதுரியாவின் கையில் கோப்பை பாதியில் நின்றது.

"நாலு மணிக்கு அவர் இறங்கி வந்தார். இந்தக் கதவைத் தட்டினார். எனக்காக யாராவது வந்தாங்களான்னு கேட்டார்."

பொம்பிலியு விரலை மடக்கிக்கொண்டான். வெதுரியா மெல்லத் தலையைத் திருப்பி, வாசற்படியில் நின்ற பரஸ்கிவாவைப் பார்த்தாள்.

"நீ உள் ரூம்ல தூங்கிட்டிருந்த" என்றாள் பரஸ்கிவா.

"கேட்டாரா?"

"கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"யாரும் வரலன்னேன்."

"ஏன்?"

பரஸ்கிவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "நீ அழுது தூங்கியிருந்த. உன்னை அழ வச்ச ஆளு இவர்தான்னு கோவம். ஒரு ராத்திரிதானே, காலையில சொல்லிக்கலாம்னு நெனச்சேன். காலையில நான் எழுந்து வந்தா, நீ இந்த மேசைல ரெண்டு கோப்பை எடுத்து வச்சிருந்த. எங்க வீட்டுக்காரர் செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு வெதுரியா. ரெண்டாவது கோப்பை அந்த அலமாரியை விட்டு இறங்கினதே இல்ல. சரி, நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். அப்புறம் வால்வு கேட்ட. போட்டுக் கொடுத்தேன். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

"மூணு வாரம்" என்றாள் வெதுரியா. "அந்த மனுஷன் மூணு வாரம் மேல தனியா உக்காந்திருக்கார்."

"தெரியும். ரொட்டியை ஒண்ணு ஒண்ணா வாங்கிட்டுப் போறதைப் பாத்தேன்."

வெதுரியா சக்கரத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். வெளியே பனியைத் தவிர ஒன்றும் இல்லை. திரும்பாமலே, "தம்பி, உங்க பேரு என்ன?" என்றாள்.

"பொம்பிலியு."

"மேல போய் அவரைக் கூப்பிடுங்க. நான் இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க. அழகுபடுத்திச் சொல்ல வேண்டாம்."

பொம்பிலியு நான்கு மாடியையும் இரண்டிரண்டு படியாக ஏறினான். இறங்கி வந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஒரு கால் செருப்போடு, ஒரு கால் செருப்பில்லாமல். ஹரலம்பி வாசலில் வந்து நின்றார். டை தோளுக்குப் பின்னால் போயிருந்தது. எத்தனையோ கடிதங்கள் எழுதியவருக்கு அந்த நேரம் ஒரே வாக்கியம்தான் வந்தது.

"எழுபத்து நாலுல வச்சேன்" என்றார்.

"பாத்தாத்தான் நம்புவேன்" என்றாள் வெதுரியா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

லிஃப்ட் இல்லை. பொம்பிலியு கோட்டைக் கழற்றினான். "டிரம் செட்டைத் தூக்கிட்டு ஒன்பது மாடி ஏறியிருக்கேன் அம்மா. அது திட்டாது, அவ்வளவுதான் வித்தியாசம். கழுத்தைப் பிடிச்சுக்கோங்க."

"கீழ போட்டீங்கன்னா திட்டறதோட விட மாட்டேன்."

அவள் பெட்டியும் மடக்கிய சக்கர நாற்காலியும் ஏற்கனவே ஹரலம்பியின் கையில் இருந்தன. பொம்பிலியுவின் தோளுக்கு மேலாக வெதுரியா ஒரு முறை திரும்பினாள். பரஸ்கிவா நகராமல் நின்றிருந்தாள்.

"நீதானே நிர்வாகி" என்றாள் வெதுரியா. "லிஃப்ட்டைச் சரி பண்ணு."

அது கோபமா, மன்னிப்பா, அழைப்பா என்று தெஸ்பினாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. மாடிப்படியில் குரல்கள் ஏறி, மெலிந்து, ஒரு கதவுக்குள் போய் மறைந்தன.

பன்னிரண்டரைக்குத் திபேரியு போன் செய்தான்.

"ஏதாவது தெரிஞ்சுதா மேடம்?"

"கிடைச்சுட்டாங்க. நல்லா இருக்காங்க. எங்கன்னு அவங்களே உங்களுக்குச் சொல்வாங்க, இன்னிக்கே."

அந்தப் பக்கம் பெட்டிகள் உருளும் சத்தம் கேட்டது. "யாராவது கூட இருக்காங்களா?" என்றான் அவன்.

"இருக்காங்க."

போனை வைத்துவிட்டு தெஸ்பினா கோட்டுப் பொத்தானைப் போடத் தொடங்கினாள். வேலை முடிந்துவிட்டது. பரஸ்கிவா மேசையருகே நின்று, ஆறத் தொடங்கிய இரண்டு கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பத்தி என்ன எழுதுவீங்க?"

"மூணு வாரம் நல்லாப் பாத்துக்கிட்டாங்கன்னு. பொய் சொன்னாங்கன்னு. ரெண்டையும்."

பரஸ்கிவா தலையசைத்தாள். அடுப்பு மேசையின் இழுப்பறையைத் திறந்து, உள்ளே துழாவி, ஒரு பழைய அட்டையை எடுத்தாள். போன் பக்கத்தில் வைத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். லிஃப்ட் பழுது பார்ப்பவர்களின் எண்.

தெஸ்பினாவின் விரல் கடைசிப் பொத்தானில் நின்றது.

"பாகம் புக்கரெஸ்ட்ல இருந்து வரணும்னு எழுதியிருந்தீங்களே."

"எந்தப் பாகமும் வர வேண்டியதில்ல."

"மூணு வாரமா நீங்க அவங்களைக் கூப்பிடவே இல்லையா?"

பரஸ்கிவா எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரம். அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல், சுவரைப் பார்த்தபடி நின்றாள். அவள் தோள்கள் குலுங்குவதை மறைக்க அந்தச் சுவர் போதவில்லை.

தெஸ்பினா பொத்தான்களைத் திரும்பக் கழற்றினாள். வெதுரியாவின் நாற்காலி இருந்த காலி இடத்துக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டாவது கோப்பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"அவங்க எடுக்கற வரைக்கும் நான் இருக்கேன்" என்றாள்.